செம்பின் சத்தம்

நீலமேகம் இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டின் பின்பக்கம், கருவாடு காயவைக்கும் பரணுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, அவருடைய மெஷினுக்கு பேட்டரி போட்டுக்கொண்டிருந்தாள் வைஷ்ணவி. மூடி உப்பில் இறுகிப்போயிருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவி நெம்பினாள்.

"இன்னா பண்ற நீ?"

சித்தப்பா மோகன்குமார் நின்றிருந்தார். நீலமேகத்தின் ஒரே தம்பி. ராயபுரத்தில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் இந்த மெஷினை எங்கிருந்தோ வாங்கிவந்து அண்ணனிடம் கொடுத்ததும் அவர்தான்.

"அங்க நைனாவ படுக்க வெச்சிருக்கு. பொண்ணு எங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. நீ இங்க பேட்டரி போட்னுகிற."

"சித்தப்பா, கடல பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாள் காற்றழுத்தத் தாழ்வில் கடல் கரையை வெட்டி எடுத்திருந்தது. நேற்றுவரை சரிவாக இருந்த இடத்தில் இப்போது ஆள் உயரத்துக்கு ஒரு மண் சுவர் நின்றது. சுவரின் நடுவே கறுப்பு மணல் ஒரு கோடாக ஓடியது. அதில் ஓட்டுச் சில்லும் சிப்பியும் துருத்திக்கொண்டிருந்தன. நைனா இதற்காகத்தான் காத்திருந்தார். மேல் மணல் எவ்வளவு பெரிய அலைக்குப் போகும், அந்தக் கறுப்பு எப்போது வெளியே வரும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேத்து சாய்ந்தரம் அம்மா போன் பண்ணாங்க," என்றாள் வைஷ்ணவி. "நைனாக்கு பெரிய சத்தம் கெட்ச்சிருக்கு. தனக்கோடி மாமா போட்டோட மூக்குலேர்ந்து நேரா பத்தடி. தோண்டறதுக்குள்ள தண்ணி ஏறிடுச்சாம். காலைல தோண்டுவாரு, நீயும் வரியான்னு கேக்குறாருன்னாங்க."

நைனா போனைக் கையில் வாங்க மாட்டார். கூச்சம் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் சொல்வதை அம்மாதான் சொல்வாள். நேற்று அம்மாவின் குரலுக்குப் பின்னால் அவருடைய சிரிப்பு கேட்டது. தடா பக்கத்து கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, விடிவதற்கு முன்பே ஹாஸ்டலில் எழுந்து குளித்திருந்தாள். தலை துவட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு பூபதி அத்தையிடமிருந்து போன் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார்.

"தண்ணி எப்ப ஏறும்?" என்று சித்தப்பா கேட்டார். கேட்டதும் தன்மேலேயே கோபம் வந்தவர்போல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மதியத்துக்குள்ள. இந்தச் சுவரு இன்னும் ஒரு தண்ணிக்கு நிக்காது. நாளைக்கு அந்த எடமே இருக்காது."

"நாளைக்கு நமக்கு பால் தெளிக்கற வேலை கீது."

"அதான் சொல்றேன். இன்னைக்கு ஊரே இங்க இருக்கு சித்தப்பா. எல்லாரும் பாக்கறப்ப எடுக்கணும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. காலையில் ஷாமியானாவுக்கு அடியில் யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது: "பாவம், கடசி வரைக்கும் ஆணி பொறுக்கினே போய்ட்டான்."

ஆணி நீலமேகம். மெஷின் வந்த முதல் வருடம் அவர் கொண்டுவந்ததெல்லாம் துருப்பிடித்த ஆணி, போல்ட்டு, ஒரு முறை கதவுக் கீல். பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அதிர்ஷ்டம் மாறி, மூன்று எழுத்து ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் டச்சுக்காரர் காலத்துச் செப்புக் காசுகள், பித்தளைப் பொத்தான், ஈய முத்திரை என்று கிடைத்தபோதும் பெயர் போகவில்லை. அம்மாவும் கூடையும் மண்வெட்டியுமாக அவருக்குப் பின்னால் போக ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். புதுப்பெண் மாதிரி பின்னாலேயே போகிறாள் என்று பெண்கள் கேலி செய்வார்கள். அம்மா பதில் சொல்ல மாட்டாள்.

மூடி திறந்தது. பேட்டரி உட்கார்ந்ததும் மெஷின் ஒருமுறை கூவி அடங்கியது. வைஷ்ணவிக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்துகொண்டாள்.

"மண்வெட்டி எங்க கீது?" என்றார் சித்தப்பா.

தனக்கோடியின் ஃபைபர் படகு வேலிக்காத்தான் புதர் ஓரம் நின்றது. நீலமேகம் வேலை பார்த்தது அதில்தான். அதன் மூக்கிலிருந்து கடல் பக்கமாகப் பத்தடி நடந்து, வைஷ்ணவி மெஷினின் வட்டத் தட்டை மணலை ஒட்டி இடமும் வலமும் வீசினாள். நைனா அப்படித்தான் வீசுவார். ஹெட்போன் இல்லை. காது வேர்க்கிறது என்று அவர் அதை எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டார். வாசலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்ததால், குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

மெஷின் உறுமியது. சித்தப்பா வெட்டினார். ஆணி.

மறுபடியும். பாட்டில் மூடி. மறுபடியும். சிகரெட் அட்டைக்குள் இருக்கும் ஈயத்தாள்.

"இந்த சத்தத்துல எது பெரிய சத்தம்?" சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாம் ஒண்ணு மாதிரியே கத்துது."

"தெரியலயே."

"பிஎஸ்சி ஃபிசிக்ஸ் படிச்சவ நீ. நான் எட்டாவது."

"ஃபிசிக்ஸ்ல இதெல்லாம் இல்ல சித்தப்பா."

பத்தடியைப் பதினைந்தாக்கி, இருபதாக்கிப் பார்த்தார்கள். பிறகு சித்தப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று படகையே பார்த்தார். அடுத்த படகையும் பார்த்தார். எல்லாப் படகுகளும் வரிசையாகப் புதர் ஓரத்தில் நின்றன.

"அடப்பாவி," என்றார் மெதுவாக. "இன்னைக்கு சாவு. யாரும் கடலுக்குப் போவல. போட்டுங்கள மேல இழுத்து வுட்டானுங்க."

நேற்று அந்தப் படகு நின்ற இடம் இது இல்லை. ஊரில் ஒருவர் இறந்தால் அன்றைக்குத் தொழில் கிடையாது. நைனா இறந்ததால் நைனா வைத்த அடையாளம் நகர்ந்துவிட்டது.

சித்தப்பா ஓடிப்போய் தனக்கோடியைக் கேட்டுக்கொண்டு வந்தார். "இருட்டுல இழுத்தோம், அந்தாண்டேர்ந்துன்றான். அந்தாண்டன்னா? கைய லைட்ஹவுஸ்லேர்ந்து ஆந்திரா வரைக்கும் காட்றான்."

இழுத்த தடத்தை அலை அழித்திருந்தது. கரை நீளமாகக் கிடந்தது. தண்ணீர் வந்து மண் சுவரின் அடியைத் தொட்டுவிட்டுப் போனது. ஒரு கை மணல் சரிந்தது.

"அம்மாவக் கேக்கலாமா?"

"அண்ணியவா? பொணத்தாண்ட உக்காந்துகிறவங்கள கூப்ட்டு, மெஷினு கத்துன எடம் எதுன்னு கேக்கறதா? கூட கூடை தூக்கினு போனவங்களுக்கு இன்னா தெரியும்." அவர் துண்டை இடுப்பில் இறுக்கினார். "நீ நட. நான் வெட்டறேன். பாக்கலாம்."

அவள் சுவரின் ஓரமாகவே வடக்கே வீசிக்கொண்டு போனாள். ஓடாத குறையாக நடந்தாள். மெஷின் கத்திய ஒவ்வொரு முறையும் இதுதான் என்று நிச்சயமாகத் தோன்றியது. தகரம், கம்பி, மறுபடியும் ஆணி.

மேளம் நின்றது. மேளக்காரர்களுக்கு டீ வந்திருக்க வேண்டும். திடீரென்று கடலின் சத்தம் மட்டும் இருந்தது, அதற்கு மேலே மெஷினின் குரல் தெளிவாக, ஊருக்கே கேட்கிற மாதிரி.

உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் பெண்கள் குடங்களோடு பின்பக்கத்துக் கைப்பம்புக்கு வந்தார்கள். பூபதி அத்தை முன்னால் வந்தாள். கடைசியாக அம்மா கஸ்தூரியம்மாள் வந்தாள். அவள் வர வேண்டிய அவசியம் இல்லை. அவளை உட்காரச் சொல்லியிருப்பார்கள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. இடுப்பில் காலிக் குடம்.

வைஷ்ணவி சட்டென்று மெஷினை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அது அங்கேயும் கத்தியது.

"அது தகரம்," என்றாள் அம்மா.

அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. அவள் இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. பம்பைப் பார்த்தபடி நின்றாள்.

"அண்ணி?" என்றார் சித்தப்பா.

"வடக்க இல்ல. தெக்க வா."

"இன்னா கஸ்தூரி, இந்த நேரத்துல," என்று பூபதி அத்தை அவள் கையைப் பிடித்தாள். "வாம்மே. யாராச்சும் பாத்தா இன்னா சொல்வாங்க."

"நீங்க தண்ணி புடிங்க. வரேன்."

வைஷ்ணவி தெற்கே நடந்தாள். அம்மா பம்படியிலேயே நின்றாள். மெஷின் உறுமியது. "ஆணி. வுட்டுட்டு வா." கொஞ்ச தூரத்தில் கரகரத்தது. "வலைக்குண்டு. ஈயம். வா வா." தூரம் கூடக் கூட அம்மாவின் கட்டிய குரல் எட்டவில்லை. அவள் குடத்தோடு மணலில் இறங்கி வந்தாள். கண் மூடியிருந்தது.

பிறகு அது கேட்டது. உறுமல் இல்லை. மெலிதாக, கூர்மையாக, பூனைக்குட்டி கத்துகிற மாதிரி. தட்டை நகர்த்தினாலும் விடவில்லை. இந்தப் பக்கம் வீசினாலும் கத்தியது, அந்தப் பக்கம் வீசினாலும் கத்தியது.

"இதான்," என்றாள் அம்மா. "செம்பு. நேத்து இதான்."

சித்தப்பா மேலேயிருந்து வெட்டவில்லை. மண் சுவரிலிருந்து கீழே குதித்து, கறுப்பு மணலில் பக்கவாட்டாக வெட்டினார். இரண்டாவது வெட்டிலேயே மேல் மணல் சரிந்து முழங்கால்வரை மூடியது. அலை வந்து அதைக் கரைத்தது. வைஷ்ணவியும் குதித்தாள். இரண்டு கையாலும் வாரி வாரிப் பின்னால் தள்ளினாள். அடுத்த அலை இடுப்புக்கு வந்தது.

"டேய், அங்க இன்னாடா நடக்குது?" தனக்கோடியின் குரல். டீ டம்ளரோடு வந்தவர் எட்டிப் பார்த்தார். டம்ளரைத் தூக்கி எறிந்தார். "போட்டு ஏத்துற பலகை எட்த்துனு வாங்கடா. சுவரு வுழுந்தா ரெண்டு பேரும் உள்ள."

ஷாமியானா காலியானது. ஆறேழு பேர் பலகைகளை மணல் சுவரில் சாய்த்துத் தோள் கொடுத்து நின்றார்கள். நாலு பேர் கடல் பக்கம் முதுகைக் காட்டி, கைகோத்து, அலையை வாங்கிக்கொண்டார்கள். மேளக்காரர்கள் மேலே நின்று எந்த அலை பெரியது என்று சத்தம் போட்டுச் சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பெரிசு வருது, பெரிசு வருது, கெட்டியா புடி."

வைஷ்ணவியின் விரலில் பானை ஓடு தட்டியது. அது உடைந்து கையோடு வந்தது. அதற்குப் பின்னால் வேறு ஏதோ, வழுவழுப்பாக, கனமாக. அவள் தோள்வரை கையை விட்டுப் பிடித்து இழுத்தாள். மண் விட்டுக்கொடுக்கவில்லை. சித்தப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் தண்ணீரில் மல்லாந்து விழுந்தார்கள். அவள் கையில் அது இருந்தது.

காசுகள். நூறு இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப்போய், பாசி நிறத்தில் ஒரே கட்டியாக. விளிம்பில் ஒரு காசு மட்டும் பெயர்ந்து, அதில் அந்தப் பின்னிய எழுத்துகள் தெரிந்தன.

மேலே தூக்கி விட்டார்கள். அடுத்த அலையில் சுவர் விழுந்தது. பலகைகள் மிதந்தன. யாரும் பலகையைப் பார்க்கவில்லை.

கட்டி கை மாறி கை மாறிப் போனது. வாங்கியவர்கள் எடையைப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். காலையில் ஆணி என்று சொன்ன ஆளும் வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் அடுத்தவரிடம் கொடுத்தார். வைஷ்ணவி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தாசில்தாருக்குச் சொல்லணும்டா இத," என்றார் ஒருவர்.

"சொல்லலாம். மொதல்ல அவனாண்ட கொண்டுபோய் வையுங்க," என்றார் தனக்கோடி. "இன்னா காதுடா அவனுக்கு. இவ்ளோ ஆழத்துல கீது. நமக்கெல்லாம் பக்கத்துல நின்னு கூப்ட்டாலே கேக்காது."

"அண்ணன் காது யாருக்கும் வராது மாமா." சித்தப்பா ஈரத் துண்டால் மெஷினைத் துடைத்தார். கம்பியைச் சுருட்டி, பிடியை மடக்கினார். "இனிமே இது இங்க கெடந்து துருப் புடிக்கும். சாங்கியம்லாம் முடிஞ்சதும் நான் கடைக்கு எட்த்துனு போய்டறேன். நல்ல ஆளா பாத்து கொட்த்துர்லாம்."

அம்மா மணலில் குடத்தை வைத்தாள். பூபதி அத்தை மறுபடியும் அவள் தோளைத் தொட்டாள். அவள் நகரவில்லை. நடந்துவந்து சித்தப்பாவின் கையிலிருந்த மெஷினின் பிடியைப் பற்றினாள்.

"இது இங்கியே இருக்கட்டும் மோகன்."

"இருக்கட்டும் அண்ணி. ஆனா யாரு இருக்கா, இத வெச்சு..."

அவள் தனக்கோடியைப் பார்த்தாள். படகில் சேர்ந்து போகிற ஆட்களைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். வைஷ்ணவிக்கு முதல் வருடத்து ஆணிகள் ஞாபகம் வந்தன. உறுமுகிற ஆணிகள். அம்மா கூடப் போன பிறகு வந்த காசுகள். அம்மா பேசத் தொடங்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இஞ்சின் சத்தத்துல அவருக்குக் காது போயி அஞ்சு வருசம் ஆவுது," என்றாள் கஸ்தூரியம்மாள். "சொன்னா போட்டுல ஏத்த மாட்டீங்கன்னு சொல்லல. ஆணி உறுமுறது கேக்கும், செம்பு கத்துறது கேக்கவே கேக்காது. கேட்டது நான்."