வாசலை மறைக்கும் நட்சத்திரம்

என் மனைவி பூங்கோதை மூன்று வருடங்களாக ஒரு நெபுலாவில் குடியிருக்கிறாள். மாற்றல் உத்தரவில் அந்த இடம்தான் போட்டிருந்தது. தர்மபுரியிலிருந்து தூரம் என்று மனு எழுதிப் பார்த்தாள்; பக்கத்தில் காலியிடம் இல்லை என்று பதில் வந்தது. நெபுலா என்பது வானத்தில் மங்கலான ஒரு மேகம். வாடகைக்கு நல்ல வீடுதான் கிடைத்தது. ஆனால் வாசலை ஒட்டி ஒரு பெரிய நட்சத்திரம்.

மாதம் ஒரு முறை, அமாவாசையை ஒட்டி, மாடியில் தொலைநோக்கியை வைத்து அவள் இருக்கும் பக்கத்தைப் படம் எடுக்கிறேன். அந்த நேரத்துக்கு அவள் வாசலில் வந்து நிற்பதாக ஏற்பாடு. மறுநாள் மதியம் படத்தைக் கணினியில் போட்டு வெளிச்சத்தை இழுத்துக் கூட்டுவேன். இழுத்தால்தான் மேகமும் வீடும் தெரியும். இழுத்தாலோ, மேகத்துக்கு முந்தி நட்சத்திரங்கள் ஊதிக்கொள்ளும். வாசலை ஒட்டிய நட்சத்திரம் எண்ணெயில் போட்ட அப்பளம்போல் உப்பி, வாசலையும் கொடியில் காயும் புடவையையும் மூடிவிடும். முப்பத்தாறு படங்கள் எடுத்தாயிற்று. முப்பத்தாறிலும் அந்தத் தடியன்தான் நிற்கிறான்.

“நான் தெரிகிறேனா?” என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாள். “கொஞ்சம் தெரிகிறாய்” என்று எழுதுகிறேன். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

பூங்கோதையின் தம்பி சத்தியசீலன் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாணப் படங்களில் மாப்பிள்ளைகளை இளைக்க வைத்துப் பெயர் வாங்கியவன். போன ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தான்.

“மாமா, நட்சத்திரத்த எல்லாம் மொதல்ல தனியா கழட்டி வச்சிருங்க. அப்புறம் மேகத்த எவ்ளோ வேணா இழுங்க. கடைசியா நட்சத்திரத்த இளைக்க வச்சுத் திரும்ப ஒட்டிக்கலாம்.”

கழற்றினோம். நாலாயிரத்துச் சொச்சம் இருந்தன. காற்றுப் பட்டால் இன்னும் ஊதும் என்பதால் அண்டாவில் போட்டுத் துணியால் மூடினோம். பிறகு மேகத்தை இழுத்தேன். வீடு தெரிந்தது. கதவின் பச்சைச் சாயம்கூடத் தெரிந்தது. நிலைப்படியில் அவள் செருப்பு இருந்தது. அவள் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

சத்தியசீலன் திரையை உற்றுப் பார்த்தான். “அக்கா வெளக்கக் கையில வச்சுக்கிட்டு நின்னிருக்கும் மாமா. இவ்ளோ தூரத்துல அது ஒரு புள்ளி. அதையும் நட்சத்திரம்னு நெனச்சு அக்காவோட சேத்துக் கழட்டிட்டோம்.”

ஆக, அவள் அண்டாவில்தான் இருந்தாள். நாலாயிரத்தில் ஒருத்தி.

“எல்லாத்தையும் ஒரு தடவ இளைக்க வைப்போம். எது இளைக்கலையோ அதான் அக்கா” என்றான்.

நியாயமான யோசனைதான். ஆறு வருடம் வெந்நீரில் தேன் கலந்து குடித்தும் அரைக் கிலோ குறையாதவள் அவள். ஆனால் இளைக்க வைக்கும்போது மங்கலான புள்ளிகள்தான் முதலில் அழிந்துபோகும். அவள் விளக்கில் எவ்வளவு எண்ணெய் இருந்ததோ, எனக்குத் தெரியாது. துணியை விலக்கி, அண்டாவை அப்படியே படத்தின்மேல் கவிழ்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன, தடியன் உட்பட. வாசல் மறைந்தது. அந்த வெளிச்சத்துக்குள் எங்கோ அவள் நிற்கிறாள். அதையே சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததை மறைக்காமல் எழுதிப் போட்டேன். கொஞ்சம் தெரிகிறாய் என்றதெல்லாம் பொய் என்றும் எழுதினேன். வியாழக்கிழமை பதில் வந்தது.

“நானும் இங்கிருந்து உங்களைப் படம் எடுக்கிறேன். நீங்களும் ஒரு நாளும் தெரிந்ததில்லை. சொல்ல மனசு வரவில்லை. உங்கள் வாசலைச் சூரியன் மறைக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அதைக் கழற்றி வைக்கிறேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு நில்லுங்கள்.”

வெள்ளிக்கிழமை பத்தரைக்குச் சூரியன் போனது. எதிர்வீட்டுக்காரர் டியூப்லைட்டைப் போட்டுவிட்டுப் பேப்பரைத் தொடர்ந்து படித்தார். அவர் மனைவி காயவைத்திருந்த வற்றலை உள்ளே எடுத்துப் போனார். நான் நீலச் சட்டையில் வாசலுக்கு வந்து, புள்ளியாகத் தெரிந்துவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் நன்றாக விரித்து நின்றேன். பதினொன்றரைக்குக் கை வலிக்க ஆரம்பித்தது. இறக்கவில்லை.