கலாவதியின் போன்

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தங்கையின் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த துணியை மறு கையால் அவிழ்த்துக்கொண்டிருந்தார் வேணுகோபால். பக்கத்து வீட்டிலிருந்து டீ டம்ளர்களோடு உள்ளே வந்த புவனேஸ்வரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மாமா அம்மாவின் முகத்தைத் துடைக்கிறார் என்றுதான் நினைத்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் தம்பி விக்னேஷ் அம்மாவின் போனை நீட்டிக்கொண்டு நிற்பதை அப்புறம்தான் பார்த்தாள்.

“நல்லா அழுத்துங்க மாமா. நடுவுல வைக்கணும்.”

“வெச்சிக்கினுதான்டா இருக்கேன். ஐஸா இருக்குது வெரலு.”

வேணுகோபால் அந்தக் கட்டைவிரலைத் தன் வாயருகே கொண்டுபோய், மூக்குக்கண்ணாடி துடைக்கிறவர் போல இரண்டு முறை ஊதினார். வேட்டி முனையால் ஈரத்தைத் துடைத்தார். மறுபடியும் போனின் மேல் வைத்து அழுத்தினார். போன் லேசாக அதிர்ந்தது, திறக்கவில்லை.

புவனேஸ்வரி டம்ளர்களைக் கீழே வைத்தாள். விடியற்காலை ஆஸ்பத்திரியில், சூடு இறங்க இறங்க, அவள் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தக் கையைத்தான். இப்போது அதை ஊதி ஊதி அழுத்திக்கொண்டிருந்த மாமாவின் கையைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

“என்ன மாமா பண்றீங்க?”

“போட்டோ எடுக்கணும் பாப்பா. ஃப்ளெக்ஸ்காரன் கேட்டுக்கினே இருக்கான். அப்புறம் நாலு பேருக்குத் தகவல் சொல்ல வேணாமா? நம்பரெல்லாம் இதுலதானே இருக்குது.”

“போட்டோ என் போன்ல இருக்குது. அனுப்பறேன்.”

“அதெல்லாம் பாத்துக்கலாம். நீ டீயக் குடு.”

ஃப்ளெக்ஸாவது போட்டோவாவது. எதற்காக இந்தக் கூத்து என்று அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். அம்மா கலாவதிக்குப் புருஷன் போய் ஒன்பது வருஷம். பிள்ளையார்பாளையத்தில் பாதித் தெருவுக்கு நெசவுத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டு, தறிக்காரர்கள் கொண்டுவந்து போடும் பட்டு இழையைக் கட்டைகளில் ஏற்றியே வயிற்றைக் கழுவியவள். ஆறு மாதமாக, சாயங்காலம் வேலை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குப் போய்விடுவாள். அங்கிருந்து மெல்லிய பேச்சு கேட்கும். நடுநடுவே சிரிப்பு கேட்கும். புவனேஸ்வரியே ஒருநாள் புகுந்த வீட்டுச் செவிலிமேட்டிலிருந்து வந்தபோது கேட்டிருக்கிறாள். தன் அம்மாவுக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும். கதவருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்பைச் சத்தமாகத் தரையில் தேய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

அது வேணுகோபாலின் காதுக்கும் போயிருந்தது. அண்ணன் அல்லவா. அப்பா செத்த வருஷத்தில் அம்மாவும் பிள்ளைகளும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தபோது எட்டிப் பார்க்காத அண்ணன், தங்கை சிரிக்கிறாள் என்றதும் பஸ் ஏறி வந்தார். “யாருகிட்ட பேசிக்கினு இருக்கே?” என்று கூசாமல் கேட்டார். “என் போன், நான் பேசறேன்” என்று சொல்லிவிட்டுத் தார்க் கட்டையைச் சுற்றத் தொடங்கிவிட்டாளாம் கலாவதி. அந்தப் பதில் அவருக்கு இன்னும் செரிக்கவில்லை. உயிரோடு இருந்தவளிடம் பிடுங்க முடியாததைச் செத்தவள் விரலைப் பிடித்துத் திறக்கப் பார்க்கிறார்.

காலையிலிருந்து இதே கதைதான். ஆஸ்பத்திரி கவுண்டரில் ஆதார் நகலும் போன் நம்பரும் கேட்டார்கள், புவனேஸ்வரி கொடுத்தாள். அம்மாவை வெளியே கொண்டுவருவதற்குள் முதல் அழைப்பு வந்தது. “மேடம், கலாவதி அம்மா அட்டெண்டரா? ஐம்பத்திரண்டு வயசு, ஹார்ட் அட்டாக். ஃப்ரீசர் பாக்ஸ் வேணுமா மேடம்?” புவனேஸ்வரியின் புருஷனுக்கே அப்போது சேதி போகவில்லை. அடுத்துக் கூப்பிட்டவன், அஸ்தி கரைக்க ராமேஸ்வரத்துக்கு ஏசி வண்டி என்றான். “என் நம்பர் யாருப்பா குடுத்தது?” என்றாள். “சிஸ்டம்ல வந்துது மேடம்” என்றான் அவன், மழை வந்தது என்பதுபோல. வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு வைத்தாள். கடைசியில் பெட்டி வேண்டியிருந்ததால் முதலில் கூப்பிட்டவனையே திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

வீட்டுக்கு வந்தால் தம்பி. அம்மா மூக்கில் குழாயும் திறந்த வாயுமாகப் படுத்திருந்ததைப் படம் எடுத்து, அழுகிற பொம்மைகளோடு ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். தலையில் எண்ணெய் வைக்காமல் தெருவாசல் தாண்டாதவள் கலாவதி. “எடுத்துடுடா” என்றதற்கு, “எல்லாரும் ஃபீல் பண்றாங்கக்கா” என்றான்.

இப்போது அவன் அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்து நடுவிரல். போன் சற்றுப் பொறுக்கச் சொன்னது. இருவரும் பொறுத்தார்கள்.

அந்தப் பத்து விரலில் எதை வைத்தாலும் அது திறக்காது. அங்கே நின்றவர்களில் அது புவனேஸ்வரிக்கு மட்டும் தெரியும். வருஷக்கணக்காகப் பட்டு இழை ஓடி ஓடிக் கலாவதியின் விரல்களில் ரேகையே இல்லை. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குவாள். போன் வாங்கிய அன்று தெருமுனைப் போன் கடை சரத்குமாரும் எவ்வளவோ துடைத்து வைத்துப் பார்த்தான். கடைசியில், “அம்மாவுது எடுக்கலக்கா. சும்மா உங்க வெரல வைங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்றான். புவனேஸ்வரியின் வலது ஆள்காட்டி விரல் அதில் ஏறியது. அம்மா நாலு எண்ணை அழுத்தித் திறந்துகொள்வாள், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு. பிற்பாடு ஒருநாள், “என் வெரல எடுத்துடட்டுமாம்மா?” என்று புவனேஸ்வரியே கேட்டாள்.

“இருக்கட்டும். நீ தெறந்து பாக்கற ஆளு இல்ல” என்றாள் கலாவதி.

விக்னேஷ் ஓய்ந்துபோய்ப் போனைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, சரத்குமாரைக் கூட்டிவர வெளியே போனான். வேணுகோபால் ஒன்றுக்குப் போனார். போட்டது போட்டபடி, மூடி கால்வாசி திறந்தே கிடந்தது. புவனேஸ்வரி போனைக் கையில் எடுத்தாள்.

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அம்மாவை அப்படிச் சிரிக்க வைத்தது யார் என்று தெரிந்துகொள்ள, உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆணா பெண்ணா என்றாவது பார்க்கலாம். பார்த்துவிட்டு அழித்துவிட்டால் அம்மாவைக் காப்பாற்றினமாதிரியும் ஆயிற்று. தவிரவும் அம்மா பேசி அனுப்பியது, பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்தது எல்லாம் அதற்குள்தான் இருந்தன. விரலைக் கொண்டுபோனாள். மாமாவும் இதே ஆசையோடுதானே ஊதிக்கொண்டிருந்தார் என்று தோன்றியதும் தன் விரலைப் பார்க்கவே அவளுக்கு ஒருமாதிரி இருந்தது. போனைக் கீழே வைத்தாள்.

சரத்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கலாவதியைக் கும்பிட்டான். பிறகு போனைப் புரட்டிப் பார்த்தான்.

“லாக் ஒடைக்கலாம்ணா. ஆனா உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்.”

“அது போனா என்னாத்துக்குப்பா ஆவும்?” என்றார் திரும்பி வந்த வேணுகோபால். “உள்ள இருக்கறதுதானே வேணும்.”

“தெறந்து குடுத்தீங்கன்னா மொத்தத்தையும் காப்பி எடுத்து பென்டிரைவ்ல போட்டுத் தரேன். சாட்டு, காலு, போட்டோ, எல்லாம் வந்துடும்.” ஹோட்டலில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் சர்வரின் உற்சாகம் அவனுக்கு. ஊரில் எத்தனை பேர் போனை இப்படி வழித்து எடுத்து வைத்திருக்கிறானோ என்று நினைத்தாள் புவனேஸ்வரி. அதற்குள் அவன் அவளைப் பார்த்துவிட்டான். “ஏண்ணா, இதுல அக்கா வெரல்தானே இருக்குது? நான்தான் ஏத்துனேன். அக்கா, வைங்க.”

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியநாயகி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்படியா பாப்பா?” என்றார் வேணுகோபால். “காலையிலருந்து நாங்க இங்க மல்லுக்கட்டிக்கினு இருக்கோம். நீ வேடிக்கை பாத்துக்கினு இருந்தியா?”

“ஆமா மாமா.”

“சரி, தெற.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? ஊர்ல என்னா பேசறாங்கன்னு தெரியுமா உனக்கு? எவன்கூடப் பேசிக்கினு இருந்தா, எத எத அனுப்பி வெச்சிருக்கா, நாளைக்கு அவன் வந்து நின்னா யாரு பதில் சொல்றது? நான் பொறந்த வூட்டுக்காரன். கேக்கற உரிமை எனக்கு இருக்குது.”

“தெறந்துடுக்கா” என்றான் விக்னேஷ். “அம்மா போன்தானே. நம்ம பாக்காம யாரு பாக்கறது?”

அம்மா போன்தான். வீடு பெரியப்பாவுடையது, தறி அப்பாவுடையதாக இருந்து விற்றுப்போனது, ரேஷன் கார்டில் தலைவன் விக்னேஷ். கலாவதிக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். புவனேஸ்வரி கையை நீட்டினாள். சரத்குமார் போனைக் கொடுத்தான். வேணுகோபால் இவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று கழுத்தை நீட்டினார். அவர் வாயிலிருந்து வெற்றிலை வாசனை கன்னத்தில் பட்டது.

அவள் ஆள்காட்டி விரலை வைக்கவில்லை. பக்கவாட்டுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

“அக்கா, ஆஃப் பண்ணாதீங்க” என்றான் சரத்குமார். “ஆஃப் ஆச்சுன்னா அப்புறம்…”

திரை கறுத்தது. அவள் விடாமல் திரும்பவும் அழுத்தி உயிர்ப்பித்தாள். கூடம் முழுக்கக் காத்திருந்தது. வெளிச்சம் வந்ததும் நாலு எண்ணைக் கேட்டது. எல்லாரும் பார்க்கும்படி ஆள்காட்டி விரலை அதன் மேல் வைத்துக் காட்டினாள். போன் அசையவில்லை.

“என்னாடா ஆச்சு?” என்றார் வேணுகோபால்.

“ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வெரல ஏத்துக்காதுண்ணா. நம்பர்தான் போடணும்.” சரத்குமார் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “அது அம்மாவுக்குத்தானே தெரியும்.”

“ஒனக்கும் இல்லாமப் பண்ணிக்கினியே” என்றான் விக்னேஷ். குரல் அழுகிறமாதிரி இருந்தது. அவள் தலையாட்டினாள்.

“நாளைக்கு எதுனா ஆச்சுன்னா உன் மானம்தான் போவும், பாத்துக்கோ” என்றார் வேணுகோபால்.

“போவட்டும் மாமா. மூடிய எறக்குங்க. அம்மா மேல ஈ உக்காருது.”

அவர் இறக்கவில்லை. பெரியநாயகி எழுந்து வந்தாள். புவனேஸ்வரி கட்டைவிரல்களைச் சேர்த்துப் பிடிக்க, அவள் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இருவரும் சேர்ந்து மூடியை இறக்கினார்கள்.

மத்தியானம் மேளக்காரர்கள் வந்தார்கள். ஊர் பார்க்கிறதே என்று வேணுகோபால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைப் போட்டார். பட்டுப் புடவைக்குப் புரோக்கர் வேலை பார்க்கிறவர், தங்கைக்குப் பாலியஸ்டர் எடுத்து வந்திருந்தார். போட்டுவிட்டு, தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வறட்டுக் கண்தான் என்று புவனேஸ்வரி சத்தியம் செய்வாள். வாய்க்கரிசி போட்டுவிட்டுத் தெருமுனை வரைக்கும் போனாள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனபிறகு திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டாள்.

சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் குளித்து, விளக்கைப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். வேணுகோபால் உட்காரவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அந்தி வெளிச்சம் இன்னும் இருந்தது. மொட்டை போட்ட தலையோடு, ஈர வேட்டியோடு, விக்னேஷ் சுவரோரம் உட்கார்ந்து அம்மாவின் போனை எடுத்து வைத்துக்கொண்டான். புவனேஸ்வரி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

அவன் தன் பிறந்த தேதியைப் போட்டான். தப்பு என்றது. கொஞ்சம் யோசித்து அவளுடையதைப் போட்டான். பிறகு அம்மாவின் கல்யாண நாள். பிறகு, விரலை வைக்கத் தயங்கிவிட்டு, அப்பா செத்த நாள். போன் முப்பது விநாடி பொறுக்கச் சொன்னது.

“நம்ம ரெண்டு பேருதும் இல்லக்கா” என்றான். “அப்பாவுதும் இல்ல.”

அவன் அப்படியே போனைப் பார்த்துக்கொண்டு இருந்தான். வெளிச்சம் தானாக அணைந்தது.

புவனேஸ்வரி கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட அவளுக்கு இறங்கவில்லை. இப்போது பசித்தது. பெரியநாயகி கொடுத்தனுப்பியிருந்த இட்லியில் நான்கைத் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு, பின்கட்டுக் குழாயடியில் போய் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.