மிதித்து வாங்கிய குழாய்

1984 நோன்பின் முதல் ஜும்ஆவில், இரண்டாவது றக்அத்தின் நடுவில், றஸாக் வரிசையை விட்டு வெளியேறினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி மூத்திரம் கழிக்கும் இடத்துக்கு ஓடினான். சில சொட்டுகள்தான் வந்தன. சிவப்பாக வந்தன.

தொழுகை முடிந்ததும் அவனுடைய மனைவியின் அண்ணன் ஷரிபுதீன் பள்ளிவாசல் வாசலில் காத்திருந்தார்.

"என்ன மச்சான், ஒண்டுக்குப் போறத்துக்குத்தான் பள்ளிக்கு வாறியா?"

அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஷரிபுதீன் வாயைத் திறந்தால் சிரிப்பது அவர்களுக்குப் பழக்கம்.

கல்முனையில் அவருக்குத் தண்ணீர்ப் பம்பும் குழாயும் விற்கும் கடை; றஸாக்குக்கும் அங்கேதான் வேலை. வயல்கார முதலாளிகளான சம்மாந்துறைப் போடிமார் குழாய் வாங்க வந்தால், அதைச் சீமெந்துத் தரையில் போட்டுக் குதிக்காலால் மிதிப்பார். நசியாவிட்டால் நல்ல குழாய். நசிந்தால் காலாலேயே ஒதுக்கிவிடுவார். போடிமார் தலையாட்டுவார்கள். இருபது வருடங்களாக யாரும் மறுத்துப் பேசாததால், உலகத்தில் உள்ள குழாய்கள் எல்லாம் தனக்குத் தெரியும் என்று அவர் நம்பினார்.

நோன்புக்கு முந்திய மாதம் கொழும்பில் றஸாக்கின் சிறுநீரகக் கல்லை அறுத்தெடுக்க இருந்தார்கள். காயம் ஆறும்வரை சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைவரை உள்ளே ஒரு மெல்லிய குழாய் இருக்கவேண்டும், வெளியில் வாங்கி வாருங்கள் என்றார் டொக்டர். இரண்டு வகை உண்டு, இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும் என்றார். அதற்குமேல் சொல்ல அவருக்கு நேரமில்லை.

வாங்கப் போனது ஷரிபுதீன். மருந்துக்கடையில் இரண்டும் இருந்தன. ஒன்று சிலிக்கன், வாழைநார்போலத் துவண்டது. மற்றது விறைத்த பிளாஸ்டிக். விலை ஒன்றுதான், அவரைக் கஞ்சன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஷரிபுதீன் இரண்டையும் உறையோடு தரையில் வைத்து மிதித்தார்.

"இது சைக்கிள் வால்வ் டியூப். மனிசனுக்கு வெக்கிற சாமானா இது?" என்று துவண்டதைத் தள்ளிவிட்டார்.

அறுத்து உள்ளே வைத்த அந்த விறைத்த குழாயின் முனை மூத்திரப்பையின் சுவரை இரவும் பகலும் உரசியது. சிறுநீர் கழித்தால் வலி விலாவரை ஏறியது. சுஜூதுக்குக் குனிந்தால் குத்தியது. றஸாக் நோன்பையும் விட்டான், தொழுகையையும் கதிரையில் இருந்தபடி வீட்டிலேயே தொழுதான். இன்னும் எத்தனை நாள் என்பதே அவனுடைய ஒரே கேள்வி.

"தடிச்ச சாமான் எண்டா முதல்ல அப்படித்தான். பழகும்" என்றார் ஷரிபுதீன். கடையில் வேறு கதை சொன்னார்: "பம்ப் தூக்கப் பஞ்சிப்பட்டு நடிக்கிறான்."

றஸாக்கின் மனைவி நாச்சியா இரண்டு கதையையும் கேட்டாள். அண்ணனை எதிர்த்துக் கதைத்து அவளுக்குப் பழக்கமில்லை. புருசனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பெருநாள் முடிந்து குழாயை எடுக்கக் கொழும்புக்குப் போனார்கள். பாதிதான் வந்தது. டொக்டர் வெளியே வந்து தட்டில் இருந்த துண்டைக் காட்டினார். மேலெல்லாம் உப்புப் படிந்திருந்தது. அவர் நகத்தால் அழுத்தியதும் அது காய்ந்த ஈர்க்குப்போல முறிந்தது.

"மிச்சம் உள்ளுக்கு நிக்குது. திரும்பவும் அறுக்கோணும். புதுக் குழாயும் வைக்கோணும்" என்றார். "மெதுவானது கிடைக்கேல்லையோ? அது இவ்வளவு குத்தாது. ஆர் இதை வாங்கினது?"

இரண்டும் ஒரே வேலை என்று சொன்னவர் தானே என்பது அவருக்கு ஞாபகமில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை.

ஷரிபுதீன் முறிந்த துண்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு நிபுணரைப்போலப் பார்த்தார்.

"சாமான் நல்ல சாமான். இவன் குந்தி எழும்பித்தான் ஒடச்சிரிக்கான்." சேர்ட்டைச் சரிசெய்தார். "நீ இஞ்ச இரி, நாச்சியா. நான் போய் இதவிடத் தடிப்பா ஒண்டு பாத்து எடுத்துட்டு வாறன்."

வார்ட்டுக்குள் றஸாக் முனகுவது கேட்டது. நாச்சியா முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள். அண்ணனைத் தாண்டி, மருந்துக்கடைக்கு இறங்கும் படிக்கட்டுவரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"காக்கா, உங்கட மூத்திரப்பைக்க வெக்கிறதெண்டாலும் குதிக்காலால மிதிச்சிப் பாத்துத்தான் வாங்குவீங்களா?"