பிஸ்கற் ரின்னுக்குள் ஒரு காவலன்

மனித குலம் நெருப்பைக் கண்ட நாள்முதல் காத்திருந்த காவலன் அக்கராயன் கிராமத்தில் அவதரித்துவிட்டான் என்று, பகுத்தறிவு மன்றத் தலைவர் பிரதாபன் மேடையில் முழங்கினான். அந்தக் காவலன் அவனுடைய மனைவி தேனுகாவின் குசினி யன்னலில், ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தான்.

ரின்னின் ஒரு பக்கத்தில் ஓட்டை; உள்ளே விரல் நீளத்தில் ஒரு குழாய். குழாய்க்குள் கொஞ்சம் வாயு. தீச்சுவாலையின் புற ஊதாக் கதிர் பட்டால் வாயுவினூடே மின்சாரம் பாய்ந்து மணி கத்தும். வெயிலுக்கு அசையாது. விதைநெல் களஞ்சியம் எரிந்துபோய்ப் புதிதாகக் கட்டிய கமக்காரர்களுக்காகத் தேனுகா பார்த்துப் பார்த்துச் செய்தது. நாளைக்கு ஒப்படைக்க வேண்டும்.

ஆனால் கொஞ்ச நாளாக அந்தியானால், நெருப்பே இல்லாமல் அது கத்தியது. அடுப்பை அணைத்துப் பார்த்தாள். குழாயை மாற்றிப் பார்த்தாள். கத்தியது.

"பொய்க்குக் கத்துற சாமானை எப்பிடியப்பா குடுக்கிறது?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"விஞ்ஞானத்தை நம்பும்," என்றான் பிரதாபன். "நான் கிணத்தடிக்குப் போட்டு வாறன்."

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் மணி கத்தியது. இம்முறை தேனுகா கருவியைப் பார்க்காமல், கருவி பார்த்த பக்கம் பார்த்தாள். கிணற்றடிக்கு அப்பால், வேலியோரப் பிள்ளையாருக்கு முன்னால் ஒரு கற்பூரச் சுவாலை. அதற்கு முன்னால் மன்றத் தலைவர், கண்ணை மூடிக்கொண்டு.

மெல்லப் போய் அவன் பின்னால் நின்றாள்.

"என்ன நேத்திக்கடன்?"

பிரதாபன் திடுக்கிட்டான். "அது... முதல்ல உம்மட கருவி சரிவரவேணுமெண்டு. பிறகு அது பொய்க்குக் கத்தக்கூடாதெண்டு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். உம்மட முகத்தைப் பாக்கேலாமல் இருந்தது."

தேனுகா கிணற்றுக்கட்டில் குந்திச் சிரித்தாள். பிறகு எழும்பி, அவன் நெற்றியில் இருந்த திருநீற்றைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள்.

"நீங்கள் கும்பிடக் கும்பிடத்தான் அது கத்தியிருக்கு."

"ஆருக்கும் சொல்லாதையும்."

"சொல்லமாட்டன். ஆனா நாளைக்குக் கருவியைச் சோதிக்க நெருப்பு வேணும். மிச்சக் கற்பூரத்தோட நீங்கள்தான் வாறியள்."

மறுநாள் களஞ்சியத்தில், இது வெறும் இரசாயனப் பொருள் என்று நீட்டி விளக்கிவிட்டு, பிரதாபன் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினான். மணி கத்தியது. கமக்காரர்கள் எல்லாரும் எழும்பிக் கும்பிட்டார்கள்.

பிரதாபனும் கும்பிட்டான்.