ஐந்தை அழுத்தியவருக்கு மணி கேட்கவில்லை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலை இல்லை என்று பிறகு யாரும் குறைப்பட வேண்டாம். என் அண்ணி ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். அங்கே தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் ஒருவர் கை சிக்கியபோது அண்ணி போனை எடுக்கவில்லை என்கிறது நிர்வாகம். நாளை விசாரணை. வேலை போய்விடும். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. வேறொரு இடத்தில் நைட் ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த என் சாப்பாடும் அதில்தான்.

2

முதல் ஆரம்பம்: "அன்று காலை டெலிபோன் போர்டு ஊமையாகக் கிடந்தது. அவள் கண்களில் நீர் கோத்து—"

அண்ணி என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார்.

"யாருடா இவ? நான் எப்ப அழுதேன்?"

"கதைக்காக, அண்ணி…"

"கதைக்காக நீ அழு. நான் சீட்டை விட்டு எழுந்திரிக்கல. மணி அடிக்கல. அதை எழுது, போதும்."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

மணி ஏன் அடிக்கவில்லை? (இனி கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கையே போயிருக்கிறது.)

உள்ளே செல்போன் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சுவரில் மாட்டிய போன்தான் கதி. ஆபத்து என்றால் 5. அழுத்தியதும் அண்ணியின் போர்டில் மணி அடிக்கும், அவர் ஆம்புலன்சைக் கூப்பிடுவார். போன மாதம் மேல்மாடி அதிகாரிகளின் புது அறைகளுக்கு 501, 502 என்று எண்கள் கொடுத்தார்கள். ஐந்தில் ஆரம்பித்தால் எடுப்பாக இருக்குமாம்.* அன்றிலிருந்து அழைப்புகளை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் மெஷின், 5 வந்ததும் அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கிறது. இனி வராது என்று தீர்மானித்த பிறகே மணி அடிக்கிறது. அதுவரை ரிசீவரில் ஒரு சத்தமும் இல்லை.

கை சிக்கியவரின் கூட்டாளி 5-ஐ அழுத்தினார். சத்தமில்லை. லைன் செத்துவிட்டது என்று வைத்தார். மறுபடி அழுத்தினார், மறுபடி வைத்தார். ஒவ்வொரு முறை வைத்தபோதும் அந்தக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கியது. கடைசியில் ஆள் தேடி ஓடினார்.

[இங்கே ரத்தத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். உங்களுக்கு அது பிடித்துவிடுமோ என்று பயம்.]

* 'எடுப்பு' அவர்கள் சொன்ன வார்த்தை. நான் போட்டிருந்த வார்த்தையை அச்சில் விடமாட்டார்கள்.

4

இதைக் கண்டுபிடித்தவர் அங்கே போன் மெக்கானிக். பட்டப்பெயர் ஒயர், உடம்பு அப்படி. இன்று மாலை வீட்டுக்கு வந்தார். இவரை நல்லவராக எழுதுவதா, கோழையாக எழுதுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"மேனேஜர் கூப்பிட்டாரு, அக்கா. விசாரணைக்கு முன்னாடி 5-க்கு அது காத்திருக்கிற டைமிங்கைக் குறைச்சிடு, வெளியில வாயைத் திறக்காதேன்னாரு. நான் கான்ட்ராக்ட் ஆளு. சாட்சி சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"குறைச்சிட்டீங்களா?" என்றேன்.

"இன்னும் இல்ல. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"தொடாதீங்க! நாளைக்கு எல்லார் முன்னாடியும் 5-ஐ அழுத்திக் காட்டுவோம். அவனுங்க காதாலேயே கேட்கட்டும்."

அண்ணி என்னைக் கவனிக்கவே இல்லை.

"அதுவரைக்கும் மெஷின் ஓடுமா, ஓடாதா?"

ஒயர் தலை குனிந்தார். "ஓடும்."

"அப்ப இங்க எதுக்குப்பா உட்கார்ந்திருக்கே? போய்ச் சரி பண்ணு."

"அண்ணி! நம்ம கையில இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்!"

"உன் கோபத்துக்கு இன்னொருத்தன் கையைக் கேக்கிறியாடா?"

5

முடிவு ஒன்று: ஒயர் துணிந்து சாட்சி சொல்கிறார்; மேனேஜர் முகம் வெளிறி—

எழுதவே கூசுகிறது. ஒயர் கிளம்பும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

முடிவு இரண்டு: வேலை போனாலும் அண்ணி மனநிறைவோடு—

வாடகைக்குப் பதில் மனநிறைவைக் கொடுத்தால் வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வாரா? அண்ணியின் நல்ல மனசு நிர்வாகத்துக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது, பாருங்கள்.

மூன்றாவதை நான் எழுதப் போவதில்லை. நாளை விசாரணை அறையில் மேனேஜரே 5-ஐ அழுத்துவார். ஒயர் அதற்குள் சரி பண்ணியிருப்பார், உடனே மணி அடிக்கும். "கேட்டீங்கல்ல? போன் நல்லாத்தானே வேலை செய்யுது" என்பார். எல்லோரும் அண்ணியைப் பார்ப்பார்கள். ஒயர் சுவரைப் பார்ப்பார். நான் வீட்டு ஆள், என் பேச்சு எடுபடாது. நீங்கள் அங்கே யாருக்கும் சொந்தமில்லை. நடந்தது முழுக்க உங்களுக்குத் தெரியும்.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார்கள்.

உங்களைத்தான்.