மேல்கோட்டில் இருந்த குப்பி

தகனக் கூடத்தில் திரை மூடிச் சவப்பெட்டி உள்ளே போய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இறந்தவனின் பொருளைக் கேட்டு யிட்கா வந்துவிட்டாள். இந்தக் காலத்து மனிதர்களுக்குத் துக்கம் என்றால் கறுப்பு உடை, ஒரு கைகுலுக்கல், அதோடு சரி. ஓல்ட்ரிக் கிழவர் அவள் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார்.

போனது அவர் மகன் ராடிம். ஐம்பத்தொரு வயது. பிராக் நகரில், டிராம் நிறுத்தத்தில் நின்றவாக்கில் சரிந்தான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். கிழவர் நம்பவில்லை. நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்தவர். நெஞ்சில் கல் தூசி படிந்து செத்தவர்களுக்குத் தோள் கொடுத்தவர். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த மகனின் மேல்கோட்டில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. உள்ளே வெள்ளைத் தூள்.

"ஐயா, அந்தக் குப்பி உங்ககிட்டதானே இருக்கு?" என்றாள் யிட்கா மறுபடியும். ராடிமோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவள்.

"இருக்கு. அதை மறைக்கப் பாக்கறியா?"

"மறைக்க என்ன இருக்கு? அது படிகம். செங்கல் வரிசை மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். நடுவுல இருக்கற சாந்தை மட்டும் அமிலத்துல கரைச்சுட்டு, வேற தூண் வைப்போம். நடுவுல துளை பெருசாகும், பெரிய மூலக்கூறும் உள்ளே நுழையும்."

"சாந்து கரைஞ்சா சுவர் விழும். எனக்கே சொல்றியா?"

"எங்களுக்கெல்லாம் விழுந்துச்சு. அவர் ஒருத்தருக்குத்தான் நின்னுச்சு."

கிழவர் குப்பியை எடுத்து மூடியைத் திருகினார்.

"அப்போ இதுல தப்பு ஒண்ணும் இல்லை. எங்கே, விரல்ல தொட்டு நாக்குல வை."

யிட்கா கை நீட்டி, பாதியில் நிறுத்தினாள். "வைக்க மாட்டேன் ஐயா. அங்க எதையும் வாயில வைக்கக் கூடாது. உப்பைக்கூட."

"பாத்தியா?"

"சட்டம் அது. அவர் போட்ட சட்டம்."

வாசலில் அடுத்த சாவின் பெட்டி வந்து இறங்கியது.

"ரொட்டி மாவுக்குப் பழைய புளிச்ச மாவு வைக்கற மாதிரி, இதுல ஒரு சிட்டிகை போட்டாத்தான் அடுத்தது விளையும்," என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. "வேற இல்லை ஐயா. இது போச்சுன்னா, அவர் செஞ்சதை இனிமே யாராலயும் செய்ய முடியாது."

அவர் கைக்குட்டையை விரித்துத் தூளில் பாதியைக் கொட்டினார். மூச்சை அடக்கிக்கொண்டு முடிச்சுப் போட்டுக் கோட்டுப் பையில் வைத்தார். குப்பியை அவளிடம் நீட்டினார்.

"அந்தப் பாதி எதுக்கு?"

"நல்ல டாக்டர் எவனுக்காவது காட்டணும்."

அஸ்தி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைக்கும் என்று தகனக் கூட ஜன்னலில் இருந்த ஊழியன் சொல்லியிருந்தான். கிழவர் கோட்டுப் பையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

"மாரடைப்பாம்," என்றார் தனக்குத்தானே.

டிராம் வந்து நின்றது. பையில் இருந்த முடிச்சு குலுங்குமே என்று ஏறாமல் நடந்தார்.