சிரிப்புக்கு விட்ட இடம்

பதினான்காம் பக்கத்தில் தயாரிப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார். நான் படித்துக்கொண்டிருந்தது, மகளைப் பறிகொடுத்த ஒரு அப்பாவின் கதை.

"போதும் சார். ரொம்பச் சிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். மிச்சத்தை அடுத்த வாரம் வெச்சுக்கலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் வரத்தான் செய்தது, பாழாய்ப்போனது வேறு காரணத்துக்கு.

இருபத்திரண்டு வருடமாக நான் சிரிப்பு நடிகன். என் வசனத்தை நானே எழுதிக்கொள்வேன். அடுத்தவர் படத்துக்கும் நகைச்சுவைக் காட்சி எழுதிக் கொடுப்பேன். கதாநாயகனின் நண்பனாக, வீட்டுத் தரகராக, போலி டாக்டராக வாங்காத உதை கிடையாது. இந்தக் கதை அந்த ரகமில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனின் ஒரே மகள் காய்ச்சலில் இறந்துபோகிறாள். இரண்டு வாரம் கழித்து அவன் மறுபடி வேனை எடுக்கிறான். ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தவன், பழக்கதோஷத்தில் தன் வீட்டு வாசலிலும் நிறுத்தி ஹாரன் அடிக்கிறான். மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன். அந்த டிரைவராக நான் நடிக்க வேண்டும். என் தொழிலில் இனி எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஹாரன் அடிக்கிற இடத்தில்தான் அந்த மனிதர் சாய்ந்தார்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். "அந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது!"

"எங்க, எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள் மனைவி. படித்தேன். ஐந்தாவது வரியில் அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீயுமா?"

"கோவிச்சுக்காதீங்க. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் நிறுத்தி, நிமிர்ந்து பாக்கறீங்க. 'ம், சிரி'ன்னு சொல்ற மாதிரியே இருக்கு."

தூக்கிவாரிப்போட்டது. எங்கள் தொழிலில் இது பாலபாடம். ஜனம் சிரிக்கிற சத்தத்தில் அடுத்த வசனம் அமுங்கிவிடும். அதனால் ஒரு வரி சொன்னதும் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவோம். சாவு வீட்டுக் காட்சியிலும் நான் எண்ணியிருக்கிறேன். நிறுத்தாமல் படித்துப் பார்த்தேன். போனில் பதிவுசெய்து கேட்டேன். அந்தச் சனியன் பிடித்த இடைவெளி போகவேயில்லை.

கடைசியில் மச்சினனைப் பிடித்தேன். வரி அலுவலகத்தில் குமாஸ்தா. அவன் வாழ்த்து மடல் படித்தாலும் ஜப்தி நோட்டீஸ் மாதிரி இருக்கும். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று கைஜாடையில் புளுகிவிட்டு, அடுத்த வாரம் அவனைத் தயாரிப்பாளர் முன்னால் உட்கார வைத்தேன். முதல் பக்கத்திலிருந்து ஒன்றரை மணி நேரம், ஒரே குரலில், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் படித்தான். ஹாரன் வந்தபோது தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். முடிந்ததும் அவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். என் கையை இல்லை, மச்சினன் கையை.

"படம் பண்றோம். யாரைப் போடறதுன்னுகூட முடிவு பண்ணிட்டேன்" என்று, அழுதே விருதுகளாக வாங்கிக் குவித்த ஒரு கதாநாயகனைச் சொன்னார்.

"டிரைவர் நான்தான் சார்!" என்று கத்தினேன். கட்டிப்போன தொண்டை ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மூஞ்சியைப் பார்த்தா ஜனம் போஸ்டர்லயே சிரிச்சுடும். உங்களை விட்டுடுவேனா? முதல் பாதி கொஞ்சம் கனமா இருக்கு. வேன்ல ஒரு கிளீனரைப் போட்டு, கலகலன்னு நாலு சீன் எழுதுங்க. அது நீங்க."

"இந்தக் கதையில கிளீனரே கிடையாது சார்."

"எழுதினா வந்துடப் போறான்."

திரும்பும் வழியில் மச்சினன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மாமா, நான் ஏதாவது தப்பா படிச்சுட்டேனா?"

"நல்லாத்தான்டா படிச்சே. பேசாம வா."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கொட்டினேன். "நீயே சொல்லு. நான் டிரைவரா நடிச்சா உனக்கு அழுகை வருமா, வராதா?"

சட்டென்று ஆமாம் என்றிருந்தால் நம்பியிருப்பேன். அவள் ஒரு சட்டையை இரண்டு தடவை மடித்தாள். "அழணும்னு கண்டிப்பா முயற்சி பண்ணுவேங்க."

அந்தத் தயாரிப்பாளர் சொன்னது சுடவில்லை, இது சுட்டது. கதவைச் சாத்திக்கொண்டு காகிதத்தை எடுத்தேன். இந்தக் கதையில் கிளீனர் ஒட்டவே மாட்டான் என்று எழுதிக் காட்டி, அந்த ஆள் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

தடிப்பயல், கூப்பிட்ட மாதிரி வந்தான். தினமும் பிள்ளைகளை எண்ணி டிரைவரிடம் சொல்வது அவன் வேலை. டிரைவர் மகளோடு சேர்த்து இருபது பேருக்கு எப்போதும் இருபத்தொன்று என்பான். "உங்களை ஏன் அங்கிள் எண்ணறீங்க?" என்று அவள் தினமும் திருத்துவாள், வேனே சிரிக்கும். அவள் போன பிறகு முதல் நாள். கிளீனர் எண்ணுகிறான். "இருபது, சரியா இருக்குண்ணே" என்கிறான். திருத்த ஆளில்லை. டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. கிளீனர் மறுபடி எண்ணத் தொடங்குகிறான், விரல் தன் நெஞ்சுக்கு வந்ததும் நிற்கிறது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மனைவியிடம் நீட்டினேன். முதல் மூன்று பக்கத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். நான்காம் பக்கத்தில் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால், மடித்து வைத்த துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுல நீங்க நடிக்கலாங்க" என்றாள்.

மூன்று வருடம் உயிரைக் கொடுத்து எழுதிய என் டிரைவருக்காக அவள் ஒரு சொட்டுக்கூட விட்டதில்லை. எனக்கு அவள்மேல், கிளீனர்மேல், என்மேல் எல்லாம் கோபம் கோபமாக வந்தது.